நல்லம்மாள் வாயில் வராத பேர்

ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே, போரில் செத்தவர்களுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் எழுப்பிய கல்தூண் ஒன்று நிற்கிறது. எழுபதுகளில் அதைச் சுற்றிக் கூட்டிப் பெருக்குகிற வேலை நல்லம்மாளுக்கு. சம்பளம் கொடுத்தது நகராட்சிதான். ஆனால் காலையில் அவள் போடுகிற சத்தத்தைக் கேட்டால், நகராட்சிக்கே அவள்தான் சம்பளம் கொடுக்கிறாளோ என்று தோன்றும். கை விளக்குமாற்றை இழுக்கும், வாய் ஊரையே இழுக்கும். இலை உதிர்க்கிற மரத்துக்கு ஒரு திட்டு. எச்சமிடுகிற புறாவுக்கு ஒரு திட்டு. கச்சான் கடலைத் தோலை இறைத்துப் போடுகிற டாக்சிக்காரர்களுக்கு அப்பன் பாட்டன் வரைக்கும் சேர்த்துத் திட்டு. டாக்சிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வேண்டுமென்றே இன்னும் நாலு தோலை வீசிவிட்டு, "என்ன அக்கா, இன்னிக்கு ரேடியோ இன்னும் பாட ஆரம்பிக்கலியா?" என்பார்கள்.

இப்பேர்ப்பட்ட வாயில் ஒரே ஒரு சொல் மட்டும் வராது. புருசன் பேர்.

எனக்கென்ன, நான் சொல்லிவிடுகிறேன். பத்துமலை. பிள்ளையில்லாமல் தவித்த அவன் ஆத்தா கோலாலம்பூர் பக்கத்திலிருக்கிற பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை, அதனால் மலையின் பேரையே வைத்துவிட்டாள். வைத்தவள் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தாள். மாட்டிக்கொண்டவள் மருமகள். கட்டியவள் புருசன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறைந்துபோகும் என்பது அந்தக் காலத்துப் பெண்களுக்கு ரத்தத்தில் ஊறின பயம். மற்றவள் புருசனெல்லாம் அப்பாவு, இராமசாமி என்று இருந்துவிட்டார்கள். அந்தப் பேர்களை ஒதுக்கி வைத்துவிட்டு வாழ்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. பத்துமலையை ஒதுக்கி வைத்துவிட்டு மலேசியாவில் வாழ்ந்து பாருங்கள், அப்போது தெரியும் சேதி!

எண்ணும்போது ஒன்பதுக்கு அப்புறம் "ஒம்போதும் ஒண்ணும்" என்பாள், பிறகு பதினொன்று. பசாரில் பத்துக் காசுக் கீரையை "ரெண்டு அஞ்சு காசுக்குக் குடு" என்று கேட்பாள். கீரை விற்கிற சீனக் கிழவிக்கே அந்தக் கணக்குப் பழகிவிட்டது. பத்து காஜாவுக்குப் போக வேண்டுமென்றால் பஸ்காரனிடம் "யானை ஊருக்கு ஒரு டிக்கெட்டு" என்பாள். காஜா என்றால் மலாயில் யானைதானே, பஸ்காரன் புரிந்துகொண்டு தலையில் அடித்துக்கொள்வான்.

தைப்பூசம் வந்தால் கூத்து உச்சத்துக்குப் போகும். நாடே அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு மூட்டை கட்டும். ஒரு தடவை கோலாலம்பூரில் பஸ் மாறப் போனவளை டிக்கெட் கொடுக்கிறவன், "எங்கம்மா போவணும்?" என்று கேட்டான்.

"அங்கதான் தம்பி. எல்லாரும் போறாங்களே."

"எல்லாரும் எங்கெங்கயோ போறாங்க. நீங்க எங்க?"

"காவடி போற எடத்துக்கு."

"அதுக்கு ஒரு பேரில்லையா?"

"பேருக்கென்ன, இருக்கு. நீயே சொல்லேன்."

அவன் கடுப்பாகிச் சொன்னான். "ஆங், அங்கதான்! மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று அவனையே அதட்டி டிக்கெட்டை வாங்கிக்கொண்டாள். பின்னால் நின்ற கூட்டம் சிரித்துச் சிரித்து வரிசை கலைந்துபோனது.

பேரின் பின்பாதியான மலையை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவைத்திருந்தாள். ஈப்போவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. அதையும் ஒதுக்கினால் ஊரைவிட்டுத்தான் போக வேண்டும்.

சரி, அந்தப் பத்துமலை யார்? ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரன். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு திரிந்த அவசரகாலத்தில், தோட்டங்களைக் காவல் காக்க அரசாங்கம் ஸ்பெஷல் கான்ஸ்டபிள், சுருக்கமாக எஸ்.சி., என்ற பேரில் ஆள் எடுத்தது. பத்துமலையும் போய்ச் சேர்ந்தான். வீரமா? அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. அட்டைக்கடி என்றால் அவனுக்கு உயிர் போகும். எஸ்.சி.யில் சேர்ந்தால் பூட்ஸ் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தான். பூட்ஸும் கொடுத்தார்கள். ஒரு நாள் அந்தப் பூட்ஸுக்குள் தவளை ஒன்று புகுந்துகொண்டது. நம்ம ஆள் துப்பாக்கியைப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு வாசல் பலகை மேல் ஏறி நின்றுவிட்டான். நல்லம்மாள் துப்பாக்கியைச் சுவரில் சாத்தி வைத்து, தவளையை வெளியே கொட்டி, "நீங்க காவல் காத்தா இந்தத் தோட்டம் வெளங்கிரும்" என்றாள். லயத்து வீடுகள் பத்தும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். அவளுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

ஐம்பத்தொன்றாம் வருசம் அவள் தலைப்பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அந்த வாரம் பால்வெட்டுக் காட்டுக்குப் பெண்களை ஏற்றிப்போன லாரியைக் காட்டுக்குள்ளிருந்து சுட்டார்கள். கூடப்போன எஸ்.சி.க்கள் பக்கத்து வடிகால் கானில் குதித்துப் பதுங்கினார்கள். பத்துமலையும் குதித்தான், மறைப்பானேன். குதித்த பிறகுதான், பின்பலகை திறக்க வராமல் லாரியில் பெண்கள் கத்துவது அவன் காதில் விழுந்திருக்கிறது. எழுந்து திரும்பிப் போனான். பலகையைத் திறந்துவிட்டு, லாரி ஓரமாக நின்றுகொண்டு, காட்டைப் பார்த்துச் சுட்டுக்கொண்டே இருந்தான். பெண்கள் அத்தனை பேரும் தப்பிவிட்டார்கள். அவன் தப்பவில்லை.

உடம்பைப் பத்து காஜாவுக்குக் கொண்டுபோய் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பிள்ளை பெற்ற தீட்டு கழியாதவள் வெளியே போகக்கூடாது என்று லயத்துப் பெரியவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். நல்லம்மாள் புருசன் முகத்தைப் பார்க்கவே இல்லை. காலையில் பூட்ஸை உதறிப் பார்த்து மாட்டிக்கொண்டு, "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் போனவன்தான்.

பிறகென்ன, பிள்ளையை ஆளாக்கினாள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறினாள். மகள் முத்தம்மாவை லாரி ஓட்டுகிற சீனிக்குக் கட்டிக்கொடுத்தாள். சீனி தங்கமான பையன். மாமியார் பேச ஆரம்பித்தால் லாரியைக் கழுவப் போய்விடுவான். புந்தோங்கிலேயே பளபளப்பான லாரி அவனுடையதுதான்.

வருசா வருசம் ஜூலைக் கடைசி நாளில் கல்தூணில் மரியாதை நடக்கும். முதல் நாளே நல்லம்மாள் தேய்த்துத் தேய்த்துப் பெருக்கி வைப்பாள். மறுநாள் கூடாரம் போடுவார்கள். போலீஸ், பட்டாளம், டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனுசர்கள், பழைய சிப்பாய்கள் எல்லாரும் மெடல் குத்திக்கொண்டு வருவார்கள். ஒருத்தன் ஊதுகொம்பு ஊதுவான். எல்லாரும் பேசாமல் நிற்பார்கள். மறுபடி ஊதுவான். மலர்வளையம் வைப்பார்கள். கூடாரத்துக்குள் போய்க் கோப்பி குடிப்பார்கள். தீர்ந்தது. நல்லம்மாள் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு ரோட்டோரம் நின்று இதையெல்லாம் பார்ப்பாள். பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

"பாத்தியாடி இருளாயி?" என்பாள். இருளாயி ஸ்டேஷன் பக்கம் பெருக்குகிறவள், இவளைவிட இளையவள். "வந்தானுங்க, தொப்பியக் கழட்டுனானுங்க, மரம் மாதிரி நின்னானுங்க, தொப்பிய மாட்டுனானுங்க, போயிட்டானுங்க. செத்தது யாருன்னு ஒருத்தன் வாயத் தொறந்தானா? எழவு வீட்டுக்கு வந்துட்டு செத்தவன் பேரச் சொல்லாமப் போவானா எவனாச்சும்?"

"அது அவுங்க வழக்கம் அக்கா. ஒனக்கென்னலா வந்துச்சு?"

அவளுக்கு என்ன வந்தது என்று நான் சொல்கிறேன். பத்துமலை என்று அவனைக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருத்தராகப் போய்விட்டார்கள். ஆத்தா போய்விட்டாள். தோட்டம் உடைந்ததும் கூட்டாளிகள் ஆயர் தாவார் பக்கம், பாகான் செராய் பக்கம் என்று சிதறி, அங்கங்கே மண்ணுக்குள் போய்விட்டார்கள். மகளுக்கு அவன் அப்பா, மருமகனுக்கு மாமா. பெண்டாட்டியோ சொல்ல மாட்டாள். ஊரே அந்தப் பேரைச் சொல்லுகிறது, ஆனால் மலைக்குத்தான் சொல்லுகிறது. ஒரு மனுசனை நினைத்து அந்தப் பேரைச் சொல்ல உலகத்தில் ஒரு நாக்கு மிச்சமில்லை. யாராவது ஒருத்தர், அந்தக் கல்லுக்கு முன்னால், அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றி நிற்கிறபோது, ஒரே ஒரு தடவை அவன் பேரைச் சொல்லித் தன் காதால் கேட்க வேண்டும். நல்லம்மாளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"நீயே சொல்லிக்கயேன்," என்றாள் இருளாயி ஒரு நாள், விளையாட்டாகத்தான். "போய்ச் சேந்து இருவத்தேழு வருசமாச்சு. இனிமேதான் ஆயுசு கொறையப் போவுதாக்கும்?"

நல்லம்மாளிடமிருந்து விளக்குமாறுதான் பறந்து வந்தது. அந்த வாரம் பூராவும் இருளாயியோடு பேசவும் இல்லை. ரேடியோ கெட்டுவிட்டதோ என்று டாக்சிக்காரர்களே பயந்துபோனார்கள்.

மரியாதையை நடத்துகிற சங்கத்துக்குச் செயலாளர் ஸ்கந்தராஜா. யாழ்ப்பாணத்துத் தமிழர், பிறந்தது வளர்ந்தது ஈப்போவில். ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவசரகாலத்தில் தொண்டர் படையில் இருந்ததால் இன்னும் அந்த மிடுக்கு போகவில்லை. சட்டைக்கு மட்டுமல்ல, கைக்குட்டைக்கும் இஸ்திரி போடுவார். தினமும் காலையில் ஸ்டேஷன் கோப்பிக்கடைக்கு வந்து இங்கிலீஷ் பேப்பரில் குறுக்கெழுத்துப் போடுவார். அந்த மனுசனைப் பிடித்துக்கொண்டாள் நல்லம்மாள்.

"ஐயா, செத்தவங்க பேர மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"இஞ்சை பாருங்கோ அம்மா. மௌனமா நிக்கிறதுதான் மரியாதை. உலகம் முழுக்க அப்பிடித்தான்."

"ஒலகத்துல எல்லாரும் ஊமையா?"

அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அதோடு போய்விடுவாள் என்று நினைத்தார் பாவம். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். அவர் மேசையின் கீழ்தான் குப்பை அதிகம் என்பது போல அங்கேயே சுற்றிச் சுற்றிப் பெருக்கினாள். இஸ்திரி போட்ட கால்சட்டையில் தூசி. காலைத் தூக்கினார், கீழே பெருக்கினாள். காலை இறக்கினார், மறுபடி பெருக்கினாள். கடைசியில் எழுபத்தொன்பதாம் வருசம் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த வட்டாரத்தில் அவசரகாலத்தில் உயிர் விட்டவர்களின் பேரை இந்த வருசம் வாசித்தால் என்ன என்று கேட்டார். எல்லாரும் ஆகா என்றார்கள். நல்ல யோசனை, எப்படித் தோன்றியது என்று பாராட்டினார்கள். காலையில் நிம்மதியாகக் கோப்பி குடிக்க வேண்டும் என்பதற்காகத் தோன்றியது என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் கோப்பிக்கடையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நல்லம்மாளைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்கோ. உங்கட புருசன்ர பெயர் என்ன?"

நல்லம்மாள் தரையைப் பார்த்தாள்.

"என்னம்மா, சொல்லுங்கோவன்."

"நான் எப்புடிங்கையா சொல்றது?"

"பெயர் வாசி, பெயர் வாசி எண்டு என்ர உயிரை எடுத்தது நீங்கள்தானே?"

"நீங்க வாசிங்க. நானா வாசிக்கப் போறேன்?"

ஸ்கந்தராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சிரித்துவிட்டார். "என்ர அம்மாவும் இப்பிடித்தான். அப்பாவின்ர பெயரைச் சொல்லச் சொன்னா எழும்பிக் குசினிக்குள்ள போயிடுவா. சரி, ஏதாவது அடையாளம் சொல்லுங்கோ. நான் கண்டுபிடிக்கிறன்." குறுக்கெழுத்துப் போடுகிறவர் அல்லவா, கையைத் தேய்த்துக்கொண்டார்.

"தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துக்கிட்டுப் போவாங்கல்ல, அந்த மலை."

"ஓ! விளங்கிட்டுது!"

விளங்கியதே, அங்கேதான் வந்தது வினை. ஈப்போக்காரருக்குத் தைப்பூசம் என்றால் ஊர் ஓரத்தில் இருக்கிற கல்லுமலைக் கோயில்தான். குழந்தையில் அப்பா தோளில் உட்கார்ந்து போனதும் அங்கே, மூத்த மகனுக்கு மொட்டை போட்டதும் அங்கே. வேறு ஊரில் தைப்பூசம் நடக்கிறது என்பது அவருக்கு எட்ட முடியாத வெளிநாட்டுச் சேதி மாதிரி. 'கல்லுமலை' என்று அழகாக எழுதினார். தோட்டத்து ஆட்கள் இப்படியும் பேர் வைப்பார்களா என்று ஒரு கணம் யோசித்தார். அங்காளம்மன் பேரில் ஆள் இருக்கும்போது மலையின் பேரில் இருந்தால் என்ன என்று சமாதானமாகிவிட்டார். எழுதியதை வாய்விட்டு வாசிக்க வாயெடுத்தார்.

"வேணாங்கையா!" என்று நல்லம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "இப்ப வேணாம். அன்னிக்குக் கல்லுக்கிட்டயே கேட்டுக்கிறேன்."

படிக்கத் தெரியாதவள், அந்தக் காகிதத்தை மட்டும் எட்டிப் பார்த்தாள். "சரியா எழுதிட்டீங்களா?"

"நான் எழுதினா பிழைக்குமே?" என்றார் ஸ்கந்தராஜா.

ஆனால் அவருக்கும் ஒரு பயம் இருந்தது. இவளைக் கொண்டுவந்து டத்தோமார்களுக்கு முன்னால் முதல் வரிசையில் உட்காரவைத்தால், மௌனத்தின்போது இவள் மாரடித்து ஒப்பாரி வைத்துவிட்டால் என்ன செய்வது? "ஒரு சத்தமும் கூடாது. விளங்குதோ? அழக்கூடாது, கதைக்கக்கூடாது, வெத்திலை போடக்கூடாது" என்றார். அது போதாதென்று ஒத்திகையும் வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "இப்ப ரெண்டு நிமிசம் பேசாமல் நில்லுங்கோ, பாப்பம்" என்றார்.

நல்லம்மாள் நின்றாள். வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள். கன்னம் துடித்தது. ஒரு டாக்சிக்காரன் கச்சான் தோலை வீசினான்.

"அடேய் கட்டையில போறவனே, ஒன் வீட்டு வாசலா இது?"

"அம்மா!"

"இல்லைங்கையா, அவன் வேணும்னே..."

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை புறா. அடுத்த தடவை, "முடிஞ்சிருச்சா ஐயா?" என்று அவளே கேட்டாள். ஸ்கந்தராஜா கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, முருகன் விட்ட வழி என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த நாளும் வந்தது. முத்தம்மா கைக்குழந்தையோடு வீட்டில் இருந்துவிட, சீனி யாரிடமோ பாலிஷ் போட்ட சப்பாத்தை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு மாமியாரை அழைத்துக்கொண்டு வந்தான். நல்லம்மாள் வழியெல்லாம் பேசவே இல்லை. லாரிக்குள் இத்தனை அமைதியைச் சீனி பார்த்ததில்லை, இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

முதல் வரிசையில் அவளுக்கு நாற்காலி. ஒரு பக்கம் சீனி, மறுபக்கம் வெள்ளை முக்காடு போட்ட ஒரு மலாய்க்காரப் பெண், அவளும் புருசனைப் பறிகொடுத்தவள்தான். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருளாயி விளக்குமாறும் கையுமாக எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்சிக்காரர்கள் அன்றைக்குக் கச்சானே வாங்கவில்லை.

ஸ்கந்தராஜா மெடலெல்லாம் மின்ன மைக்குக்கு முன்னால் வந்து பேர்களை வாசிக்கத் தொடங்கினார். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு பேருக்கும் ஒரு மூச்சு விட்டு வாசித்தார். மலாய்ப் பேர்கள் வந்தன. முக்காடு போட்ட பெண் ஒரு பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். சீனப் பேர்கள் வந்தன. நல்லம்மாள் முந்தானையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பையே காதாக்கி உட்கார்ந்திருந்தாள்.

"கல்லுமலை" என்றார் ஸ்கந்தராஜா.

நல்லம்மாள் அசையவில்லை. யாரோ ஒரு பிள்ளை, பாவம் என்று நினைத்தாள். அடுத்தது ஒரு சிங்குப் பேர். அதற்கடுத்து ஸ்கந்தராஜா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் போனார். ஊதுகொம்புக்காரன் முன்னால் வந்தான்.

"மாப்பிள்ளை, எங்க? விட்டுட்டாரே!" என்றாள்.

சீனிக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "கல்லுமலைன்னாருல்ல அத்தை. மாமாவத்தான் மாத்தி வாசிச்சிட்டாரு போல."

"அப்ப எந்திரிச்சுச் சொல்லுங்க! நீங்க சொல்லலாம்ல!"

"அலாமாக், டத்தோல்லாம் உக்காந்திருக்காங்க அத்தை. முடிஞ்சதும் போயிச் சொல்லிக்கலாம்லா."

முடிஞ்சதுமா? முடிந்த பிறகு சொல்லி என்ன பிரயோசனம்? இதோ கொம்பை உதட்டுக்குக் கொண்டுபோகிறான். ஊதிவிட்டால் அத்தனை தொப்பியும் கழன்றுவிடும். அத்தனை பேரும் தலை குனிந்துவிடுவார்கள். யாருக்கு? பிறக்கவும் பிறக்காத, சாகவும் சாகாத எவனோ ஒரு கல்லுமலைக்கு! இருபத்தெட்டு வருசம் காத்திருந்தது இதற்கா? நல்லம்மாளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுறுசுறுவென்று ஏறியது. எழுந்துவிட்டாள்.

"கல்லுமலையாம் கல்லுமலை! யாருய்யா அவன் கல்லுமலை? லாரியில போயிப் பொம்பளைங்களக் காப்பாத்துனது அவனாய்யா? குண்டு வாங்கிச் செத்தது அவனாய்யா? எம் புருசன் பேரு பத்துமலை! ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பத்துமலை! நல்லாக் கேட்டுக்கங்க, பத்துமலை!"

அவள் குரலுக்கு மைக் எதற்கு? சத்தம் ரயில் நிலையத்துச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. கூரையிலிருந்த புறாக்களெல்லாம் ஒரேயடியாக எழும்பின. ஊதுகொம்புக்காரன் கொம்பை வாயில் வைத்தபடியே விழித்தான். ஒரு டத்தோ பக்கத்து டத்தோவைப் பார்த்தார். சீனி நாற்காலிக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தான்.

திரும்பி வந்த சத்தம் நல்லம்மாள் காதிலும் விழுந்தது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்கந்தராஜாவின் முகம் சிவந்து வெளுத்தது. போச்சு, திட்டப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் விறைப்பாக மைக்குக்கு வந்தார். அதுவரைக்கும் மலாயிலேயே நடத்திக்கொண்டிருந்தவர், தமிழில் பேசினார். "மன்னிக்க வேணும். பிழை என்னுடையது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பத்துமலை."

பிறகு கொம்பு ஊதியது. தொப்பிகள் கழன்றன. அந்த மௌனம் முழுக்கச் சீனி மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தான், இதோ ஆரம்பிக்கப்போகிறாள், இதோ ஆரம்பிக்கப்போகிறாள் என்று. நல்லம்மாள் பொத்திய கையை எடுக்கவே இல்லை. மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. மறுபடி கொம்பு ஊதி, வளையங்கள் வைத்து, எல்லாரும் கூடாரத்துக்குக் கோப்பி குடிக்கப் போன பிறகும் அப்படியே நின்றாள்.

இருளாயி ரோட்டைத் தாண்டி ஓடி வந்தாள். "யக்கா! சொல்லிட்டியேக்கா! அடுத்த ஊரு லகாட் வரைக்கும் கேட்டிருக்கும்!" அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒலகம் இடிஞ்சா விழுந்துச்சு? இதுக்கா இத்தனை வருசம் பிகு பண்ணிக்கிட்டுக் கெடந்த?"

நல்லம்மாள் கல்தூணின் படியில் மெல்ல உட்கார்ந்தாள். கையை வாயிலிருந்து எடுத்தாள்.

"நான் மொகத்தப் பாக்கலடி இருளாயி," என்றாள். இருளாயி அவளிடம் அப்படிச் சின்னக் குரலைக் கேட்டதே இல்லை. "வாரேன்னுதானே சொல்லிட்டுப் போனாரு. யாரு கண்டா? ஆள மாத்திப் பொதைச்சிருப்பாங்க. எந்தக் காட்டுலயாச்சும், எந்த ஊருலயாச்சும் இருந்தாருன்னா இருந்துட்டுப் போவட்டும். நம்ம வாயால அவரு ஆயுசு ஒரு நாளு கொறைய வேணாம்னுதான்டி நாக்கக் கட்டி வச்சிருந்தேன். இப்ப நானே சொல்லிட்டேன்."

இருளாயியின் சிரிப்பு நின்றுவிட்டது. விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டாருடி," என்றாள் நல்லம்மாள். "பத்துமலை போயிட்டாரு."

அப்புறம்தான் அடிவயிற்றிலிருந்து வந்தது. மாரில் ஓங்கி அடித்துக்கொண்டு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, அவள் வைத்த ஒப்பாரியில் கூடாரத்துக் கோப்பிக் கோப்பைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. "பூட்சு மாட்டிப் போனவரே, போன தடம் காணலியே, பத்துமலை ராசாவே, பாதி வழி விட்டீரே" என்று பேர் சொல்லிச் சொல்லி, சொல்லாத வருசங்களுக்கெல்லாம் சேர்த்துச் சொல்லி அழுதாள். முக்காடு போட்ட பெண்ணுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. அவளும் எழுந்து வந்து படியில் உட்கார்ந்து அழுதாள். சீனி இரவல் சப்பாத்தோடு நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சங்கத்து இளைஞன் ஒருவன் பதறிக்கொண்டு ஸ்கந்தராஜாவிடம் ஓடினான். "சார், டத்தோ பாக்கிறாரு. அந்தம்மாவ நிறுத்தச் சொல்லவா?"

ஸ்கந்தராஜா கோப்பியைக் கீழே வைத்தார்.

"விடும் தம்பி. இண்டைக்குத்தான் அவவுக்குச் செத்தவீடு."